ஷயான் பெண் மிஸ்தாந்தாவின் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேற்குச் சமவெளியின் வரலாற்றைப் படிப்பவர்கள் வில்லியம் பென்ட் என்ற வியாபாரியின் பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் மனைவி மிஸ்தாந்தாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கிடைப்பது அரிது. இந்தக் குடும்பத்துக்கு நடந்ததெல்லாம் அவருடைய தாய்வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும் என்பது என் கருத்து. அதனால் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மிஸ்தாந்தா யார்?

19ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் வாழ்ந்த ஷயான் பெண். ஷயான்கள் அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினர். இன்றைய கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கே ஓடும் ஆர்கன்சா ஆற்றை ஒட்டிய சமவெளிதான் அவர் ஊர். பெயருக்கு ஆந்தைப் பெண் என்று பொருள். ஆங்கில நூல்களில் அந்தப் பொருளையே பெயராக எழுதியிருப்பார்கள். 1835 வாக்கில் வில்லியம் பென்டை மணந்தார். 1847இல் இறந்தார். கடைசிப் பெண் ஜூலியா பிறந்ததும் அதே ஆண்டுதான். பிரசவத்தில் இறந்ததாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

அவர் பிறந்த வீடு எப்படிப்பட்டது?

ஷயான் மக்களிடையே அதைவிடப் பெரிய வீடு இல்லை என்று சொல்லலாம். அப்பா வெள்ளை இடி, புனித அம்புகளின் காவலர். இந்த நான்கு அம்புகளையும் இன்றைய தெற்கு டகோடாவிலுள்ள கரடிக்குன்றில் ஸ்வீட் மெடிசின் என்ற ஞானி பெற்று வந்தார் என்பது ஷயான்களின் நம்பிக்கை. இரண்டு அம்புகள் வேட்டைக்கு, இரண்டு போருக்கு. அவை இருக்கும் கூடாரத்தின் பக்கத்தில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஒரு ஷயான் இன்னொரு ஷயானைக் கொன்றால் அம்புகளில் ரத்தம் படியும் என்றும், சடங்கு செய்து அவற்றைப் புதுப்பித்த பிறகுதான் மக்களுக்கு நல்ல காலம் திரும்பும் என்றும் நம்பினார்கள்.

மிஸ்தாந்தா சின்ன வயதுக்காரராக இருந்தபோது அந்த வீட்டின் மேல் பேரிடி விழுந்தது. 1830இல் பானி மக்களோடு நடந்த சண்டையில் அம்புகள் எதிரி கைக்குப் போய்விட்டன. அப்பா புதிய அம்புகள் செய்து வைத்தார். பழையவற்றில் சில பின்னர் திரும்பி வந்தன. ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கெடுதலையும் ஷயான்கள் அந்த நாளோடு சேர்த்தே பேசினார்கள்.

1837இல் ஷயான்களின் வில்நாண் போர்க்குழு இளைஞர்கள் கையோவாக்கள் என்ற இன்னொரு சமவெளி மக்கள் மேல் படையெடுக்கத் துடித்தார்கள். அம்புகளைப் புதுப்பித்துத் தரச் சொன்னார்கள். இது நல்ல நேரமில்லை என்று கிழவர் மறுத்தார். சவுக்காலும் வில்லாலும் அடித்து அவரைப் பணிய வைத்தார்கள். அம்புக் காவலரின் மேல் கை வைப்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். அடிபட்டுச் சடங்கைச் செய்து கொடுத்தவர், போனால் நல்லது நடக்காது என்றும் சொன்னார். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதற்குப் பழிவாங்க 1838இல் ஊரே திரண்டு ஓநாய் ஓடையில் கையோவா, கோமாஞ்சி மக்களோடு மோதியது. வெள்ளை இடியும் போனார், அங்கேயே உயிரை விட்டார். மிஸ்தாந்தாவின் மூத்த மகள் மேரி பிறந்ததும் அதே ஆண்டு.

அப்படிப்பட்ட குடும்பத்தில் ஏன் ஒரு வெள்ளைக்கார வியாபாரிக்குப் பெண் கொடுத்தார்கள்?

இரண்டு பக்கத்துக்கும் இது சம்பந்தம் செய்துகொள்ளும் உறவு. பென்ட் சகோதரர்களும் செரான் செயின்ட் வ்ரெய்னும் சேர்ந்து நடத்திய கம்பெனி, 1833 வாக்கில் ஆர்கன்சா ஆற்றின் வடகரையில் பச்சைச் செங்கலால் ஒரு பெரிய கோட்டை கட்டியது. அன்று அந்த ஆறுதான் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லை. சாந்தா ஃபே பாதையில் போகிற வண்டிகள் தங்கவும், சமவெளி மக்கள் எருமைத் தோல்களைக் கொண்டுவந்து துப்பாக்கி, கெட்டில், கம்பளி, மணி என்று மாற்றிக்கொள்ளவும் அதுதான் இடம்.

சமவெளியில் அந்நியன் என்றால் ஒன்று எதிரி, இல்லையென்றால் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் தங்க முடியும்? மருமகனாகிவிட்டால் நிலைமை வேறு. அவனுக்கு மாமனார் உண்டு, மச்சினன்கள் உண்டு, கூடாரத்தில் ஒரு இடம் உண்டு. அவன் சரக்கைத் தொட்டால் கேட்க ஆள் உண்டு. அதேபோல அவனும் பஞ்ச காலத்தில் மாமனார் வீட்டாருக்குக் கை நீட்ட வேண்டும், விலையில் ஏமாற்றக் கூடாது, ராணுவத்திடம் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

பல எழுத்தாளர்கள் இதை வில்லியமின் சாமர்த்தியமாக எழுதுகிறார்கள். ஆர்கன்சா கரையில் வந்து உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரைத் தங்கள் முறைக்குள் கட்டிப்போடத் தெரிந்த ஷயான்களின் சாமர்த்தியமும் இதில் சரிபாதி இருக்கிறது.

திருமணம் எப்படி நடக்கும்?

பெண் கேட்டு ஆள் அனுப்புவார்கள், மாப்பிள்ளை வீட்டார் குதிரைகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். பெண்ணின் அண்ணன் சம்மதம் அப்பாவின் சம்மதத்தைவிடக் கனமானது. குதிரைகளை ஏற்றுக்கொண்டால் பெண் வீட்டாரும் சும்மா இருப்பதில்லை. அதே அளவுக்குச் சீர் திரும்பிப் போகும். பெண்ணுக்குக் கூடாரம், படுக்கை, பாத்திரம் எல்லாம் அவள் வீட்டார் செய்து கொடுப்பார்கள். அந்தக் கூடாரம் அவள் அம்மாவின் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே எழும்பும். அதாவது மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து சேர்கிறார்.

வில்லியமுக்குக் கோட்டையிலே அறைகள் இருந்தன. ஆனாலும் மிஸ்தாந்தாவுக்கு வெளியே தன் கூடாரமும் இருந்தது. இரண்டு இடத்திலும் மாறி மாறி வாழ்ந்தார்கள். குழந்தைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

மூன்று அக்கா தங்கைகளையும் ஒருவரே மணந்தாராமே?

ஆமாம். மஞ்சள் பெண், தீவு என்ற பெயர்கொண்ட மிஸ்தாந்தாவின் சகோதரிகள் இருவரும் பின்னர் வில்லியமுக்கு மனைவியானார்கள். ஷயான்களிடம் இது வழக்கம்தான். சக்களத்தியாக வருகிறவள் கூடப் பிறந்தவளாகவே இருந்தால் ஒரே கூடாரத்தில் சண்டை குறையும், பிள்ளைகளுக்கும் மாற்றாந்தாய் என்ற நிலை வராது என்று நினைத்தார்கள்.

இதற்குப் பின்னால் வேலைக் கணக்கும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமில்லை. ஒரு எருமைத் தோலை விற்பனைக்குத் தயார் செய்வது முழுக்கப் பெண்கள் வேலை. தோலைத் தரையில் விரித்து முளையடித்து, மான்கொம்புப் பிடி போட்ட சுரண்டியால் உட்புறத்துச் சதையை எடுக்க வேண்டும். மூளையும் ஈரலும் கொழுப்பும் கலந்த விழுதைத் தேய்த்து ஊறவிட வேண்டும். அப்புறம் இழுத்துக் கட்டிய முறுக்குக் கயிற்றின் மேல் முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்து, துணிபோல மடங்கும் வரை பதப்படுத்த வேண்டும். ஒரு தோலுக்கே பல நாள் பிடிக்கும். ஆண் ஒரே நாளில் பல எருமைகளை வீழ்த்திவிட முடியும். அத்தனை தோலையும் பதப்படுத்தக் கைகள் வேண்டுமே. தோல் வியாபாரம் பெருகப் பெருக, பல மனைவிகளை மணக்கும் வழக்கமும் பெருகியது. பென்ட் கம்பெனி கிழக்கே வண்டி வண்டியாக அனுப்பிய சரக்கு சமவெளிப் பெண்களின் கையும் தோளும் பட்டு உருவானது.

பிள்ளைகள் யாரை அம்மா என்று கூப்பிட்டார்கள்?

மூவரையும். ஷயான் முறையில் அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான், அப்பாவின் சகோதரர்களும் அப்பாதான். பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா என்று சொல்லும் நமக்கு இது உடனே புரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்தான் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1871இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்காவின் செனெகா மக்களின் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் பெரிய அளவில் ஒத்துப்போவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஆனால் ஷயான்கள் ஒரு முக்கியமான இடத்தில் நம்மிடமிருந்து விலகுகிறார்கள். அவர்களுக்கு மாமன் மகளும் அத்தை மகளும்கூட உடன்பிறந்தவர்கள்தான். முறைப்பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணம் என்றால் உறவு வட்டத்துக்கு வெளியே போயாக வேண்டும். புதிது புதிதாக மற்றக் கூட்டங்களோடு அவர்கள் சம்பந்தம் செய்துகொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாமியாரும் மருமகனும் பேசவே மாட்டார்களா?

பேச மாட்டார்கள், நேருக்கு நேர் பார்க்கவும் மாட்டார்கள். ஒரே கூடாரத்துக்குள் இருவரும் இருக்கக் கூடாது. இது பகை கிடையாது, மரியாதையின் உச்சம். சேர்ந்தே வாழ வேண்டிய இருவருக்கு நடுவே உரசலுக்கே வழியில்லாமல் செய்யும் ஏற்பாடு. மாமியார் விரும்பினால், பூவேலை செய்த ஒரு தோல் போர்வையை முறைப்படி மருமகனுக்குக் கொடுத்து இந்தத் தடையை நீக்கலாம்.

அண்ணன் தங்கை உறவு?

சிறுவயதில் ஒன்றாக விளையாடுவார்கள். பெண் பருவமடைந்ததும் நேரடிப் பேச்சு நின்றுவிடும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்னொருவர் மூலமாகச் சொல்வார்கள். பேச்சு நின்றதால் பாசம் குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1876 ஜூன் 17 அன்று ரோஸ்பட் ஓடையில் ஜெனரல் க்ரூக்கின் படையோடு நடந்த சண்டையில், வடக்கு ஷயான் தலைவர் ஒருவரின் குதிரை சுடப்பட்டு விழுந்தது. துப்பாக்கிகளுக்கு நடுவே அவர் தனியாக நின்றார். அவர் தங்கை, எருமைக்கன்றுப் பாதைப் பெண், குதிரையை நேரே உள்ளே விட்டு அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். அமெரிக்க நூல்களில் அது ரோஸ்பட் போர். ஷயான்களுக்கு அது ‘தங்கை அண்ணனைக் காப்பாற்றிய சண்டை’. இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் நின்ற ஒரு போருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டா? பிடிக்காவிட்டால் பிரிய முடியுமா?

கூடாரம் பெண்ணுடையது. தோல்களைத் தைத்ததும் அவள், எழுப்புவதும் பிரிப்பதும் அவள். சொந்தமாகக் குதிரை வைத்திருந்த பெண்களும் உண்டு. முள்ளம்பன்றி முள்ளால் புனித வேலைப்பாடு செய்யும் பெண்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தது. அதில் ஒரு பெண் தான் முடித்த வேலைகளை எழுந்து நின்று எண்ணிச் சொல்வது, ஆண்கள் போர்ச் சாதனையைச் சொல்வதற்குச் சமமாக மதிக்கப்பட்டது.

பிரிவதற்கு நீதிமன்றம் தேவையில்லை. பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் முடிந்தது. கூடாரம் அவளுடையது என்றால் கணவனின் சாமான்களை வெளியே வைத்தால் போதும். மேற்கின் பெரிய வீரராகப் புகழப்படும் கிட் கார்சனுக்கே இது நடந்ததாகச் சொல்லப்படுகிறது. 1840களின் தொடக்கத்தில் அவர் மணந்த ஷயான் மனைவி, கொஞ்ச நாளிலேயே அவர் உடைமைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டார். ஆணும் நடனக்கூட்டத்தில் பறையடித்து மனைவியை ‘எறிந்துவிடலாம்’. அது பெண்ணுக்குப் பெரிய அவமானம். ஆகவே எல்லாம் சமம் என்று நான் சொல்ல வரவில்லை.

மிஸ்தாந்தாவின் குடும்பம் எதிரிகளைச் சேர்த்து வைத்தது என்பது உண்மையா?

1840இல் ஷயான், அரபாஹோ ஒரு பக்கமும், கையோவா, கோமாஞ்சி, சமவெளி அபாச்சி மறுபக்கமுமாகப் பெரிய சமாதானம் செய்துகொண்டார்கள். கோட்டைக்குச் சில மைல் கீழே, ஆற்றின் இரு கரையிலும் முகாம் போட்டு நடந்தது. கையோவாக்கள் 1837இல் கொன்றவர்களின் தலைமுடித் தோல்களைப் போர்வையில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஷயான்கள் அதைப் பிரிக்க மறுத்தார்கள்: பார்த்தால் மனம் கெட்டுப்போகும், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு கையோவாக்கள் குதிரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஷயான்கள் துப்பாக்கியும் கெட்டிலும் கம்பளியும் கொடுத்தார்கள்.

இதை மிஸ்தாந்தா தனியாக நடத்தி வைத்தார் என்று சொல்வது மிகை. ஆனால் பரிசாகப் போன சரக்கு அவர் புகுந்த கோட்டை வழியாக வந்தது, இழப்பில் பெரிய இழப்பு அவர் பிறந்த வீட்டில் நடந்தது. அப்பாவைக் கொன்ற மக்களோடு இரண்டே வருடத்தில் விருந்து. அந்தச் சமாதானம் அதன் பிறகு முறியவே இல்லை.

வில்லியம் ஷயான் முறையில் உண்மையாகவே வாழ்ந்தாரா?

மகன் ஜார்ஜ் சொன்ன ஒரு சம்பவம் இதற்குப் பதிலாகும். ஒரு குளிர்காலத்தில் வில்லியமுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விழுங்க முடியவில்லை, பேச முடியவில்லை. மனைவி ஒரு இறகுத் தண்டைத் தொண்டைக்குள் விட்டு, தன் வாயிலிருந்து சூப்பை ஊதி ஊதி உயிரைப் பிடித்து வைத்திருந்தார். வந்த ஷயான் வைத்தியர் உள்ளே எட்டிப் பார்த்தார். நெருஞ்சி போன்ற முட்காய்களைத் தசைநார் நூலில் கோத்து, கொழுப்பில் புரட்டி, ஒரு குச்சியால் தொண்டைக்குள் தள்ளினார். கொழுப்பு கரைந்ததும் முட்கள் வெளிப்பட்டன. இழுத்தபோது அடைத்திருந்த சவ்வு முட்களோடு சேர்ந்து வந்துவிட்டது. அன்றே வில்லியம் சூப் குடித்தார்.

மிஸ்தாந்தா இறந்த பிறகு பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மேரி, ராபர்ட், ஜார்ஜ், ஜூலியா நால்வரையும் மஞ்சள் பெண் வளர்த்தார். அவருக்கும் சார்லஸ் என்று ஒரு மகன் இருந்தார். தாயை இழந்த பிள்ளைகள் கூடாரம் மாறவில்லை.

அடுத்த அடி 1849இல் விழுந்தது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடியவர்களின் வண்டிகளோடு காலரா சமவெளிக்கு வந்தது. தெற்கு ஷயான்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அது கொண்டுபோனது. அன்று ஆறு வயதுப் பையனான ஜார்ஜ் பிற்காலத்தில் அதை நினைவு கூர்ந்தார். நடனத்துக்குக் கூடியிருந்த முகாமில் ஆட்கள் சுருண்டு விழ ஆரம்பித்ததும் எல்லோரும் இரவோடு இரவாக ஓடினார்கள். பாட்டியும் மஞ்சள் பெண்ணும் குழந்தைகளைக் குதிரை இழுக்கும் மரச்சட்டத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பாட்டி வழியிலேயே இறந்தார். முகாமில் ஒரு வீரர் போர்க்கோலம் பூண்டு, ஈட்டியோடு குதிரையில் ஏறி, இந்த நோய் கண்ணுக்குத் தெரிந்தால் போய்ச் சண்டை போடுவேன் என்று கத்திக்கொண்டே சுற்றி வந்தார். அப்படியே சரிந்து விழுந்து செத்தார்.

அதே ஆண்டு வில்லியம் பழைய கோட்டையைக் கைவிட்டார்.

பிள்ளைகளை மிசூரிக்கு அனுப்பியது ஏன்?

படிக்க. 1850களில் அப்பா அவர்களைக் கிழக்கே அனுப்பினார். ஜார்ஜ் செயின்ட் லூயிஸ் வரை போய்ப் படித்தார், 1861இல் உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் சேர்ந்தார், அடுத்த ஆண்டு சிறைபட்டார். விடுதலையானதும் 1863இல் அம்மாவின் மக்களிடமே திரும்பினார்.

சாண்ட் க்ரீக்கில் இந்தக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது?

இந்தப் பக்கத்தில் எழுத மிகவும் கஷ்டமான பதில் இதுதான்.

1864 நவம்பர் 29 விடியற்காலை. கர்னல் ஜான் சிவிங்டன் தலைமையில் கொலராடோ படை, சாண்ட் க்ரீக் ஓடைக்கரையில் தங்கியிருந்த ஷயான், அரபாஹோ முகாமைத் தாக்கியது. ராணுவத்தின் பாதுகாப்பில் இருக்கிறோம் என்று நம்பி அங்கே தங்கியிருந்தவர்கள் அவர்கள். சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

தாக்குதலுக்கு முன் வில்லியமின் பண்ணையைப் படை சுற்றி வளைத்து யாரும் வெளியேறாமல் காவல் போட்டது. மூத்த மகன் ராபர்ட்டை வழிகாட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனது. முகாமுக்குள் அவருடைய தம்பிகள் ஜார்ஜும் சார்லஸும் இருந்தார்கள். ஒரே தாய்வீட்டின் பிள்ளைகள்: ஒருவர் துப்பாக்கிகளின் இந்தப் பக்கம், இருவர் அந்தப் பக்கம்.

ஜார்ஜுக்கு இடுப்பில் குண்டு பாய்ந்தது. ஓடையின் மணல் கரையில் கையாலேயே குழி பறித்து ஒளிந்தவர்களோடு ஒளிந்து, இரவில் குளிரில் நடந்து தப்பினார். சார்லஸ் பிடிபட்டார், தெரிந்தவர்கள் தலையிட்டதால் பிழைத்தார். இதேபோல வியாபாரி அப்பாவுக்கும் ஷயான் அம்மாவுக்கும் பிறந்த ஜாக் ஸ்மித் என்ற இளைஞரைக் கைதியாக வைத்திருந்தபோதே சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் ராபர்ட் சாட்சி சொன்னார். முகாமில் அமெரிக்கக் கொடி பறந்ததையும், தலைவர் கருங்கெட்டில் தம் மக்களைக் கொடியைச் சுற்றி நிற்கச் சொன்னதையும் பார்த்ததாகச் சொன்னார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்த கொடுமைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தன்னை இழுத்துக்கொண்டு போனவர்களுக்கு எதிராகவே அவர் பேசினார். அந்தத் தைரியத்துக்கு வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

அதற்குப் பிறகு?

மஞ்சள் பெண் வில்லியமை விட்டுத் தன் மக்களோடு வடக்கே போனார். 1865இல் பவுடர் ஆற்றுப் பக்கம் ராணுவத்தின் பானி சாரணர்கள் அவரைக் கொன்றார்கள். தீவு வேறொருவரோடு போய்விட்டார். சார்லஸ் நாய் வீரர்கள் எனப்பட்ட போர்க்குழுவில் சேர்ந்து வெள்ளையர்களோடு போரிட்டு, 1868இல் இறந்தார். வில்லியம் 1869இல் காலமானார்.

மேரி வெள்ளைக்காரரை மணந்து ஆர்கன்சா பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்தார். ஜார்ஜ் 1866இல் கருங்கெட்டில் வீட்டுப் பெண் மாக்பையை மணந்தார். ஜூலியா, தன்னைப் போலவே ஷயான் தாய்க்குப் பிறந்த எட்மண்ட் கெரியரை மணந்தார். சாண்ட் க்ரீக் முகாமில் இருந்து தப்பியவர் அவர். ராபர்ட், ஜார்ஜ், ஜூலியா மூவரும் பின்னாளில் இன்றைய ஓக்லஹோமாவில் தாய்வழி மக்களோடு குடியிருந்தார்கள்.

அரசாங்கம் இந்தக் குடும்பங்களை எப்படிக் கணக்கில் எடுத்தது?

1865 அக்டோபரில் கையெழுத்தான லிட்டில் ஆர்கன்சா ஒப்பந்தத்தில் சாண்ட் க்ரீக்கில் நடந்தது அநியாயம் என்று அரசே ஒப்புக்கொண்டது. இழப்பீடும் தருவதாகச் சொன்னது; அந்த வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை. அதே ஒப்பந்தத்தில், ஷயான், அரபாஹோ ரத்த உறவுள்ள சிலருக்குப் பெயர் சொல்லித் தலா 640 ஏக்கர் ஒதுக்கினார்கள். பென்ட் பிள்ளைகளின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

நிலம் தந்ததை நல்லதென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பட்டியல் ஒரே குடும்பத்தை இரண்டாக்கியது. 640 ஏக்கர் பெறுகிறவர் ஒருவர், ஆற்றுக்குத் தெற்கே போகச் சொல்லி விரட்டப்படுகிற பெரியம்மா மகன் இன்னொருவர். ஷயான் கணக்கில் இருவரும் அண்ணன் தம்பி.

அமாச்சி என்ற பெயரும் அடிபடுகிறதே, அவர் யார்?

அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு ஷயான் பெண். அப்பா ஒற்றைக்கண் எனப்பட்ட தலைவர் ஓசினி. சமாதானத்துக்காக உயிரைப் பணயம் வைத்துக் கடிதம் கொண்டுபோனவர், சாண்ட் க்ரீக்கில் கொல்லப்பட்டார். அமாச்சி 1861இல் ஜான் ப்ரவர்ஸ் என்ற வியாபாரியை மணந்திருந்தார். இழப்பீடாக வந்த நிலத்தில் கணவரோடு பெரிய மாட்டுப் பண்ணை உருவாக்கினார். 1905இல் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த கொலராடோ முகாமுக்கு அவர் பெயர்தான் வந்து சேர்ந்தது. ஒரே சமயத்தில் 7000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட மக்களின் பெண் பெயரை இப்படியொரு இடத்துக்கு வைத்தது என்னை இன்றும் உறுத்துகிறது. 2022இல் அந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு விவரம் எப்படி நமக்குக் கிடைத்தது?

பெரும்பகுதி ஜார்ஜ் பென்ட் மூலமாக. இரண்டு மொழியும் தெரிந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1918இல் இறக்கும் வரை வரலாற்று ஆய்வாளர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். முதியவர்களிடம் போய்க் கேட்டு எழுதினார். படித்த ஒரு பேரன் இருந்ததால்தான் அம்புக் காவலர் அடிபட்ட கதையும் காலரா இரவும் பதிவாயின.

மிஸ்தாந்தாவின் படம் இருக்கிறதா? போய்ப் பார்க்க ஏதாவது உண்டா?

புகைப்படம் இல்லை. 1845இல் கோட்டைக்கு வந்த ராணுவ அதிகாரி ஜேம்ஸ் ஏபர்ட் அவரை வரைந்த படம் இருக்கிறது. கொலராடோவின் லா ஹன்டா ஊருக்குப் பக்கத்தில் கோட்டையை 1976இல் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது. சாண்ட் க்ரீக்கும் 2007 முதல் தேசிய வரலாற்றுத் தலம். அங்கிருந்து டென்வர் வரை ஷயான், அரபாஹோ இளைஞர்கள் ஆண்டுதோறும் நினைவோட்டம் ஓடுகிறார்கள்.

டென்வருக்கு மேற்கே கிளியர் க்ரீக் மாவட்டத்தில் ஒரு மலை இருக்கிறது. பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல்தான் பல தலைமுறையாக அதன் பெயராக இருந்தது. ஷயான்கள் கேட்டுப் போராடியதால் 2021 டிசம்பரில் அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். இப்போது வரைபடத்தில் அது மிஸ்தாந்தாவின் பெயரைத் தாங்கிய மலை. ஷயான் மொழியின் எழுத்துமுறைப்படியே எழுதியிருக்கிறார்கள்.